நூல் ஒன்று, கை இரண்டு: எக்ஸ்வி6-க்குள் பீரைட் எழுதிய கதை

போன மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே ஒரு சிஸ்டம் காலுக்குப் போய்விட்டன (ஒரு ப்ரோகிராம், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் அழைப்புதான் சிஸ்டம் கால்). அதன் பெயர் பீரைட். ஃபைலில் நான் சொல்லும் இடத்தில் எழுது, ஆனால் ஃபைலில் இப்போது எங்கே நிற்கிறோம் என்ற குறியைத் தொடாதே, அவ்வளவுதான் அதன் வேலை. ஒரே காலையில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம். கடைசியில் எழுதிய நிரல் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அந்தக் கொஞ்ச வரிக்கு வந்து சேர்வதற்குள், யூனிக்ஸில் 'திறந்த ஃபைல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது உள்ளே எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று எனக்கே இப்போதுதான் சரியாகப் புரிந்தது. பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தினமும் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். மறந்துபோவதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

உட்கார்ந்தோம் என்றால் மூன்று பேர். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறை, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், காட்பாடியில் இருந்து டவுன் பஸ் பிடித்து வரும் ஒரு பெண், இருவரும் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். வேலூரில் மே மாதம் பத்து மணிக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது, இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிப்பது எக்ஸ்வி6. எம்.ஐ.டி.யில் பாடத்துக்காக எழுதிய சின்ன கர்னல் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது). 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை முன்மாதிரியாக வைத்து 2006-இல் எழுதத் தொடங்கினார்கள், இப்போது ரிஸ்க்-ஃபைவ் செயலிக்காக இருக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் முழுவதையும் வரி வரியாகப் படித்துவிடலாம், அதுதான் அதன் பெரிய அழகு. மொத்தம் 21 சிஸ்டம் கால். எல்சீக் கூடக் கிடையாது, அதாவது ஃபைலின் நடுவில் போய் எழுத வழியே இல்லை, திறந்தால் முதலில் இருந்து வரிசையாகப் போக வேண்டியதுதான். 22-ஆவது எண்ணை நாமே போடலாமே என்று அந்தப் பெண்தான் ஆரம்பித்தது.

ஃபைலில் எங்கே நிற்கிறோம் என்ற குறிக்கு ஆஃப்செட் என்று பெயர், அது என்ன என்று இருவருக்கும் சொல்ல எனக்கு அப்பாவின் வேலைதான் கைகொடுத்தது. அப்பா மண்டித் தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். தடித்த சிவப்பு அட்டைப் பேரேடு, நடுவில் ஒரு நூல். விட்ட பக்கத்தில் நூல் கிடக்கும், மறுநாள் நூலைப் பிடித்துத் திறந்தால் எழுத வேண்டிய இடம் வந்துவிடும். ரைட் என்ற சிஸ்டம் கால் இப்படித்தான். எங்கே எழுதுவது என்று நீங்கள் சொல்வதில்லை, நூல் கிடக்கும் இடத்தில் எழுதி, எழுதிய அளவுக்கு நூலை நகர்த்தி வைத்துவிடும். ஒருவரே எழுதும்வரை இதைப்போல வசதி வேறில்லை. சீசன் நேரத்தில் இரண்டு பேர் கணக்கு எழுத உட்காரும்போதுதான் தகராறு வரும். ஒருவர் பழைய பாக்கியைத் திருத்த நூலை 40-ஆம் பக்கத்துக்கு எடுத்துப்போயிருப்பார், அது தெரியாமல் இன்னொருவர் அன்றைய வரவை நூல் கிடந்த இடத்தில், அதாவது 40-ஆம் பக்கத்தில், எழுதிவிடுவார். அப்பா இதற்கு ஒரே விதிதான் வைத்திருந்தார். திருத்தம் எழுதுகிறவர் நூலில் கையே வைக்கக் கூடாது, பக்க எண்ணைப் பார்த்து நேராகப் போய் எழுதிவிட்டு வர வேண்டும். பீரைட் என்பது அப்பாவின் அந்த விதி, வேறொன்றும் இல்லை.

சரி, கம்ப்யூட்டரில் இந்த நூல் எங்கே கட்டியிருக்கிறது? ஃபைலில் கட்டியிருக்கிறது என்று தம்பி சொன்னான், ப்ராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) என்று அந்தப் பெண் சொன்னது. இரண்டும் இல்லை, நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு டிஸ்கிரிப்டர் பட்டியல் உண்டு, 0, 1, 2, 3 என்று எண்கள். அந்த எண் நேராக ஃபைலைக் காட்டுவதில்லை, கர்னலுக்குள் 'திறந்த ஃபைல்' என்ற ஒரு பதிவைக் காட்டுகிறது. எக்ஸ்வி6-இல் அந்தப் பதிவுக்குள் எட்டிப் பார்த்தால் இது பைப்பா, சாதாரண ஃபைலா, கருவியா என்ற வகை, எத்தனை பேர் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, படிக்கலாமா எழுதலாமா என்ற அனுமதி, இனோடுக்கு ஒரு சுட்டி, அப்புறம் 'ஆஃப்' என்று ஒரு எண். அந்த 'ஆஃப்'தான் நூல். அதற்கும் அந்தப் பக்கம் இனோட், அதுதான் டிஸ்க்கில் இருக்கும் உண்மையான ஃபைல். ஒரே ஃபைலை இரண்டு முறை திறந்தால் இரண்டு பதிவு, இரண்டு நூல். ஆனால் ஃபோர்க் செய்தால் (ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது) பெற்ற ப்ராசஸும் பிள்ளை ப்ராசஸும் ஒரே பதிவைப் பிடித்துக்கொண்டிருக்கும், நூல் ஒன்றுதான். டூப் செய்தாலும் (ஒரு டிஸ்கிரிப்டருக்கு இன்னொரு எண் கொடுப்பது) அப்படியே.

இது ஏதோ கவனக்குறைவில் நேர்ந்தது இல்லை. எக்ஸ்வி6-இன் ஷெல்லில் (கட்டளை தட்டும் இடம்) அடைப்புக்குறிக்குள் இரண்டு எக்கோ போட்டு மொத்தத்தையும் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள், இரண்டாவது எக்கோ முதலாவது விட்ட இடத்தில் இருந்து எழுதும், அதன் மேலேயே எழுதாது. இரண்டும் தனித்தனி ப்ராசஸ், ஒன்றை ஒன்று தெரியாது, நூல் பொது என்பதால்தான் இது நடக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யோசித்த விஷயம் இது, இன்றும் அப்படியே நிற்கிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். புது சிஸ்டம் காலுக்கு வாசல் கட்டுவது எளிது, நாலைந்து ஃபைலில் ஆளுக்கு ஒரு வரி: எண் 22, பயனர் பக்கத்தில் ஒரு அறிவிப்பு, அட்டவணையில் ஒரு பதிவு, பயனர் பக்கத்தையும் கர்னலையும் இணைக்கும் ஒட்டு நிரலை உருவாக்கும் பெர்ல் ஸ்கிரிப்டில் ஒரு வரி. ரிஸ்க்-ஃபைவில் கால் எண் ஏ7 என்ற ரெஜிஸ்டரில் வரும், டிஸ்கிரிப்டர், பஃபர், நீளம், இடம் நான்கும் ஏ0 முதல் ஏ3 வரை.

உள்ளே என்ன செய்வது என்பதில், யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எங்களுக்கும் தோன்றியது. ஏற்கெனவே ஃபைல்ரைட் என்ற ஃபங்ஷன் நன்றாக வேலை செய்கிறது. பழைய ஆஃப்செட்டை ஒரு மாறியில் எடுத்து வை, புது இடத்தை 'ஆஃப்'-இல் போடு, ஃபைல்ரைட்டைக் கூப்பிடு, திரும்பி வந்ததும் பழையதை வைத்துவிடு. நான்கு வரி. ஒரு ப்ராசஸ் மட்டும் ஓடும் சோதனையில் அருமையாக ஓடியது. அப்புறம் நான்கு பிள்ளை ப்ராசஸை ஃபோர்க் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஃபைலில் ஒரு பகுதியை ஒதுக்கி, நான்கும் ஒரே டிஸ்கிரிப்டரில் அவரவர் பகுதியில் பீரைட் செய்யும்படி ஒரு சோதனை எழுதினோம். க்யூஎமு எமுலேட்டரில் எக்ஸ்வி6 வழக்கமாக மூன்று சிபியுவோடு ஓடும். சில முறை சரியாக வந்தது, சில முறை இரண்டாவது பிள்ளையின் எழுத்து மூன்றாவதன் பகுதியில் கிடந்தது.

பேப்பரில் வரைந்து பார்த்தோம். முதல் ப்ராசஸ் பழைய இடம் 0 என்று எடுத்து வைத்துக்கொண்டு நூலை 1000-இல் வைக்கிறது. எழுதத் தொடங்குவதற்குள் இரண்டாவது வருகிறது, அதன் கண்ணுக்கு 'பழைய இடம்' 1000, அதை எடுத்து வைத்துக்கொண்டு நூலை 2000-க்கு நகர்த்துகிறது. இப்போது முதல் ப்ராசஸ் எழுதுகிறது, எங்கே? 2000-இல். எழுதிவிட்டு நூலை 0-க்குக் கொண்டுபோகிறது. இரண்டாவதும் முடித்துவிட்டு, தான் எடுத்து வைத்திருந்த 1000-ஐத் திருப்பி வைக்கிறது. தரவும் தப்பான இடத்தில், கடைசியில் நூலும் தப்பான இடத்தில். இந்த இடைவெளி நினைத்ததைவிடப் பெரியது, ஏனென்றால் ஃபைல்ரைட் உள்ளே நுழைந்ததும் முதலில் ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்குகிறது (டிஸ்க்கில் எழுத வேண்டியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து, எழுதினால் எல்லாம், இல்லை என்றால் எதுவும் இல்லை என்று வைப்பது), அங்கே இடம் இல்லை என்றால் இடம் கிடைக்கும்வரை தூங்கிவிடும். நூலை நகர்த்திவிட்டு ஒருவர் தூங்கப்போவது போல.

"அண்ணா, அப்போ பூட்டை முன்னாடியே போட்டுட்டா?" என்று அந்தப் பெண் கேட்டது. நியாயமான கேள்விதான். இனோடுக்கு ஒரு பூட்டு இருக்கிறது, எழுதும்போது ஃபைல்ரைட்டே அதைப் போடுகிறது. அதை நாமே முதலில் போட்டுக்கொண்டு, நூலை நகர்த்தி, எழுதி, திருப்பி வைத்தால் யாரும் நடுவில் வர முடியாதே. ஆனால் உள்ளே போன ஃபைல்ரைட் அதே பூட்டை மறுபடியும் கேட்கும், அந்தப் பூட்டு ஏற்கெனவே வைத்திருப்பது யார் என்றெல்லாம் பார்க்காது, தன்னிடமே இருக்கும் பூட்டுக்காகத் தானே காத்துக்கொண்டு அந்த ப்ராசஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதைக்கூடச் சமாளிக்கலாம், வரிசைதான் பெரிய சிக்கல். எக்ஸ்வி6-இல் முதலில் டிரான்சாக்‌ஷன், பிறகு இனோட் பூட்டு, இந்த வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் நான் பூட்டை வைத்துக்கொண்டு டிரான்சாக்‌ஷனில் இடம் கிடைக்கக் காத்திருப்பேன், டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கும் இன்னொருவர் என் பூட்டுக்காகக் காத்திருப்பார், அவர் முடித்தால்தான் எனக்கு இடம், நான் விட்டால்தான் அவர் முடிக்க முடியும். அவ்வளவுதான், இருவரும் நின்றுவிடுவோம்.

முதல் ஞாயிறு அங்கேயே முடிந்தது. இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அப்பாவின் விதியை நாங்களே மீறியிருக்கிறோம் என்று உறைத்தது. நூலில் கை வைக்காதே என்றால் கை வைத்துவிட்டுப் பழையபடி வைத்துவிடு என்று அர்த்தம் இல்லை. கையே வைக்கக் கூடாது. இடத்தைக் கடன் வாங்கிய பொது மாறியில் போட்டு அனுப்பாமல், அளவுருவாகவே அனுப்ப வேண்டும்.

எக்ஸ்வி6-இல் அதற்குத் தடையே இல்லை. டிஸ்க்கில் எழுதும் அடிமட்ட ஃபங்ஷனான ரைட்ஐ, எங்கே எழுதுவது என்பதை எண்ணாகத்தான் வாங்குகிறது. நூல் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நூலைப் பற்றித் தெரிந்தது ஃபைல்ரைட்டுக்கு மட்டும்தான். எனவே இரண்டாவது ஞாயிறு, ஃபைல்ரைட்டின் உள்ளே இருக்கும் எழுதும் சுற்றைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து எடுத்தோம். எழுத வேண்டிய இடத்தை அதற்கு அளவுருவாகக் கொடுத்தோம். ரைட் கூப்பிடும்போது 'ஆஃப்'-இன் மதிப்பைக் கொடுக்கும், திரும்பி வந்ததும் எழுதிய அளவைக் கூட்டிவிடும். பீரைட் பயனர் சொன்ன எண்ணைக் கொடுக்கும், எதையும் கூட்டாது. நான்கு பிள்ளை சோதனை சுத்தமாக ஓடியது. மூன்று பேருக்கும் ரொம்ப சந்தோஷம், கீழே அம்மா போட்டு வைத்திருந்த டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

ஆனால் எக்ஸ்வி6-உடன் யூசர்டெஸ்ட்ஸ் என்று ஒரு பெரிய சோதனைத் தொகுப்பு வரும், எதையாவது மாற்றினால் அதை முழுவதும் ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அதில் ஷேர்டுஎஃப்டி என்ற சோதனை விழுந்தது. அது என்ன செய்கிறது என்றால், ஒரு ஃபைலைத் திறந்து ஃபோர்க் செய்து, இரண்டு ப்ராசஸும் ஒரே டிஸ்கிரிப்டரில் பத்து பத்து பைட்டாக ஆயிரம் முறை எழுதும், ஒன்று முழுக்க ஒரு எழுத்து, மற்றது வேறு எழுத்து. கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாக 10,000 இருக்க வேண்டும். எங்களுக்குக் குறைந்தது. அதாவது நாங்கள் புதிதாக எழுதிய பீரைட் சரி, பல வருஷமாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்த ரைட்டைக் கெடுத்துவிட்டோம்.

இந்தப் பிழை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். பழைய ஃபைல்ரைட், இனோட் பூட்டைப் போட்ட பிறகுதான் 'ஆஃப்'-ஐப் படித்தது, பூட்டை விடுவதற்கு முன்னாலேயே கூட்டியும் வைத்தது. நாங்கள் மதிப்பை அளவுருவாக அனுப்பியதால், பூட்டுக்கு வெளியே, கூப்பிடும் இடத்திலேயே படித்துவிட்டோம். இரண்டு ப்ராசஸும் 500 என்று படித்துக்கொண்டு உள்ளே போகின்றன, பூட்டு அவர்களை ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிறது, இருவரும் 500-இலேயே எழுதிவிட்டு வருகிறார்கள். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது, நாம்தான் பார்க்க வேண்டியதை வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே போனோம்.

திருத்தம் ஒரு நட்சத்திரக் குறிதான். மதிப்பை அனுப்பாமல் அந்த எண் இருக்கும் முகவரியை அனுப்ப வேண்டும். ரைட் தன் 'ஆஃப்'-இன் முகவரியைக் கொடுக்கும், பீரைட் தன் ஸ்டாக்கில் இருக்கும் ஒரு தற்காலிக மாறியின் முகவரியைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன் பூட்டைப் போட்ட பிறகு அந்த முகவரியில் இருப்பதைப் படிக்கும், எழுதியதைக் கூட்டும். பொது நூலா, கையில் இருக்கும் துண்டுக் காகிதமா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

லினக்ஸில் பார்த்தால் உள்ளே இருக்கும் விஎஃப்எஸ்_ரைட்டும் இடத்தைச் சுட்டியாகத்தான் வாங்குகிறது, பீரைட் அதற்குத் தன் சொந்த மாறியின் முகவரியைக் கொடுக்கிறது. அங்கே ரைட்டின் பக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறு பல வருஷம் இருந்தது: நூலின் மதிப்பை முதலில் நகல் எடுத்து, எழுதி, பிறகு திரும்ப வைப்பது, நடுவில் பூட்டு இல்லை. இரண்டு த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) ஒரே டிஸ்கிரிப்டரில் ஒரே நேரத்தில் ரைட் செய்தால் ஒன்றின் மேல் ஒன்று விழ வாய்ப்பு இருந்தது. 2014-இல் வந்த 3.14 பதிப்பில்தான் நூலுக்கென்று தனிப் பூட்டு வைத்துச் சரிசெய்தார்கள். இதைப் படித்துக் காட்டியபோது தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உலகமே பயன்படுத்தும் கர்னலில் இருந்த ஒரு பிழையை, அது என்ன என்று தெரியாமலேயே தானும் செய்து, தானே கண்டுபிடித்திருக்கிறான். இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

கொஞ்சம் வரலாறும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்வி6-இன் மூதாதையான ஆறாம் பதிப்பில் சீக் என்றுதான் பெயர், ஆஃப்செட் 16 பிட், அதனால் தொலைவாகப் போக வேண்டும் என்றால் 512 பைட் கட்டங்களாக எண்ணச் சொல்லித் தனி வழி வைத்திருந்தார்கள். 1979-இல் ஏழாம் பதிப்பில் லாங் வகை எண் வந்ததும் முன்னால் ஒரு எல் சேர்ந்து எல்சீக் ஆனது. பீரைட்டின் படிக்கும் ஜோடியான பீரீடும் பீரைட்டும் லினக்ஸுக்கு 1997-இல், 2.1.60 பதிப்பில் வந்தன. அப்போது பழைய கர்னல் வைத்திருந்தவர்களுக்காக சி லைப்ரரியே எல்சீக்கை வைத்து இவற்றைப் போலச் செய்துகொடுத்தது, அதாவது எங்கள் முதல் ஞாயிற்றின் வழி. அதனால்தான் இது கர்னலுக்குள் இருக்க வேண்டிய வேலை, வெளியே இருந்து போலச் செய்தால் நூலைத் தொடாமல் செய்ய முடியாது. டேட்டாபேஸ்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்றால், போஸ்ட்கிரெஸ் 2019-இல் வந்த தன் 12-ஆம் பதிப்பில் சீக் செய்து எழுதுவதை விட்டுவிட்டு பீரீட், பீரைட்டுக்கு மாறியது, இரண்டு சிஸ்டம் கால் போட்ட இடத்தில் ஒன்று போதும்.

மூன்றாவது ஞாயிறு ஓட்டைகள். ஃபைலின் முடிவைத் தாண்டி எழுதச் சொன்னால் என்ன செய்வது? யூனிக்ஸ் வழக்கப்படி எழுத விட வேண்டும், நடுவில் இருக்கும் காலி இடத்தைப் படித்தால் பூஜ்யங்கள் வர வேண்டும். எக்ஸ்வி6-இன் ரைட்ஐயில் இடம் ஃபைலின் அளவைத் தாண்டினால் உடனே -1 என்று திருப்பிவிடும் ஒரு வரி இருக்கிறது. எல்சீக்கே இல்லாத கர்னலில் அப்படி ஒரு நிலைமை அபூர்வம், ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஃபைலை இன்னொருவர் வெட்டிக் காலியாக்கினால்தான் வரும், அதற்கு அது ஒரு காவல். அதை எடுத்துவிட்டோம். காலி ஃபைலில் 20,000-ஆவது இடத்தில் 'வேலூர்' என்று எழுதினோம், யூடிஎஃப்-8 என்பதால் 18 பைட். எந்தப் புகாரும் இல்லாமல் எழுதியது. அப்புறம் கேட் கட்டளையில் படிக்கப் போனோம். மொத்த கர்னலும் நின்றுவிட்டது. திரையில் 'பேனிக்: லாக்_ரைட் அவுட்சைட் ஆஃப் டிரான்ஸ்'.

"இன்னாண்ணா இது, எழுதறப்போ ஒண்ணும் ஆவல, படிக்கறப்போ சாவுது?" என்றான் தம்பி.

இங்கே லாக் என்றால் பூட்டு இல்லை, டிஸ்க்கில் எழுதும் முன் எழுதி வைக்கும் முன்பதிவேடு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. ஃபைலின் இத்தனையாவது கட்டம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று சொல்ல பீமேப் என்று ஒரு ஃபங்ஷன். ஒரு கட்டம் 1024 பைட். முதல் 12 கட்டத்தின் முகவரி இனோடிலேயே இருக்கும், அடுத்த 256 ஒரு இடைநிலைக் கட்டத்தில் இருக்கும், ஆக ஒரு ஃபைல் 268 கட்டம், 2,74,432 பைட்டுக்கு மேல் வளராது. இந்த பீமேப், கேட்ட கட்டம் இல்லை என்றால் அந்த நிமிஷமே புதிதாக ஒதுக்கிக் கொடுத்துவிடும். எழுதும்போது அது உதவி. படிக்கும்போதும் அதையேதான் கூப்பிடுகிறார்கள், ஓட்டையே இல்லாத உலகத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. நாங்கள் ஓட்டை போட்டுவிட்டோம். கேட் முதல் கட்டத்தைப் படிக்கக் கேட்டதும் பீமேப் 'இல்லையா, இதோ கட்டித் தருகிறேன்' என்று டிஸ்க்கில் இடம் ஒதுக்கப் போகிறது. ஒதுக்குவது என்றால் டிஸ்க்கில் எழுதுவது, எழுத வேண்டும் என்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும், படிக்கிறவர் யாரும் டிரான்சாக்‌ஷன் தொடங்குவதில்லை. அங்கே விழுந்தது.

ஸ்ரீபுரம் போகும் வழியில் புதிது புதிதாக மனை போட்டிருக்கிறார்களே, அப்படி ஒரு லேஅவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 20-ஆவது மனையில் மட்டும் ஒருவர் வீடு கட்டிவிட்டார். 1 முதல் 19 வரை எண் கல் இருக்கிறது, வீடு இல்லை. தபால்காரர் வந்து 5-ஆம் மனையில் யார் என்று கேட்டால், காலி மனைங்க என்று பதில் சொல்ல வேண்டும். கேட்டார் என்பதற்காக அங்கே ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கக் கூடாது. பீமேப் கட்டத் தொடங்கியது.

இதில் இன்னொரு பயங்கரமும் இருக்கிறது. அந்த நேரத்தில் வேறு ஏதாவது ப்ராசஸ் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்திருந்தால் பேனிக் வந்திருக்காது. கர்னல் பார்ப்பது 'யாராவது டிரான்சாக்‌ஷனில் இருக்கிறார்களா' என்பதை மட்டும்தான், நீ இருக்கிறாயா என்று கேட்பதில்லை. அடுத்தவர் கணக்கில் நம் செலவு ஏறியிருக்கும், சத்தமே இல்லாமல். எங்கள் நல்ல நேரம், சோதனையில் வேறு யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை, கர்னல் முகத்துக்கு நேரே விழுந்து சொல்லிவிட்டது.

அதனால் தேடுவதற்கு மட்டும் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினோம். முகவரி இருந்தால் சொல்லும், இல்லை என்றால் 0 என்று சொல்லும், எதையும் ஒதுக்காது. இடைநிலைக் கட்டமே இல்லை என்றாலும் 0. படிக்கும் ஃபங்ஷனில் 0 வந்தால், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடும் பழைய வரியை எடுத்துவிட்டு, கர்னலில் ஒரு பூஜ்யக் கட்டம் வைத்து அதில் இருந்து பயனருக்கு நகல் எடுத்துக் கொடுத்தோம். எழுதும் பக்கம் பீமேப் அப்படியே இருக்கிறது. புதுக் கட்டம் ஒதுக்கும்போது எக்ஸ்வி6 அதை முழுக்கப் பூஜ்யமாக்கித்தான் தருகிறது, எனவே கட்டத்தின் நடுவில் எழுதினாலும் மீதி இடத்தில் முன்பு யாரோ அழித்த ஃபைலின் மிச்சம் வெளியே தெரியாது. ஃபைலை அழிக்கும் ஃபங்ஷனையும் பயந்து பயந்து பார்த்தோம், அது ஒவ்வொரு முகவரியும் 0 இல்லையா என்று பார்த்துத்தான் விடுவிக்கிறது, தொட வேண்டிய அவசியம் வரவில்லை. 20 கட்டம் நீளமுள்ள ஃபைல், டிஸ்க்கில் பிடித்த இடம் தரவுக்கு ஒன்று, இடைநிலைக்கு ஒன்று, மொத்தம் இரண்டு கட்டம். மறுபடி கேட் போட்டோம், கடைசியில் 'வேலூர்' வந்தது.

சின்ன விஷயங்கள் சில. பைப்பிலும் கன்சோலிலும் 'இந்த இடத்தில் எழுது' என்பதற்கு அர்த்தமே இல்லை, சாதாரண ஃபைல் இல்லை என்றால் உடனே -1. லினக்ஸில் இதற்கு ஈஎஸ்பைப் என்று தனிப் பிழை எண் உண்டு, எக்ஸ்வி6-இல் எல்லாத் தப்புக்கும் -1 ஒன்றுதான். ஆஃப்செட் குறியுள்ள 32 பிட் எண்ணாக வருகிறது, உள்ளே போனதும் குறியில்லாத எண்ணாக மாறிவிடும், -1 கொடுத்தால் 400 கோடிக்கும் மேலே ஏதோ ஒரு இடமாகத் தெரியும். கீழே இருக்கும் அளவுச் சோதனை அதைப் பிடித்துவிடும் என்றாலும் வாசலிலேயே ஒரு வரி போட்டு நிறுத்துவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, யாராவது நாளை கீழே இருக்கும் அந்த வரியை எடுத்தாலும் எடுப்பார்கள், நாங்களே போன வாரம் ஒன்றை எடுத்தோம். எக்ஸ்வி6-இல் ஃபைலின் கடைசியிலேயே சேர்த்து எழுதும் அப்பெண்ட் முறை இல்லாததால் ஒரு தலைவலி மிச்சம். லினக்ஸில் அப்பெண்ட் முறையில் திறந்த ஃபைலில் பீரைட் செய்தால், நீங்கள் எந்த இடம் சொன்னாலும் கடைசியில்தான் எழுதும். பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) விதிப்படி அது தவறு, லினக்ஸின் கையேட்டுப் பக்கத்திலேயே பிழை என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரீட் எழுத இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது, தம்பியே தனியாக எழுதினான்.

இன்னும் ஒன்று பாக்கி. எக்ஸ்வி6 ஒரு டிரான்சாக்‌ஷனில் ஒரு வேலைக்கு 10 கட்டம்தான் கொடுக்கும். அதில் இனோடுக்கு ஒன்று, இடைநிலைக்கு ஒன்று, கட்டத்தின் நடுவில் தொடங்கி நடுவில் முடிவதற்கு இரண்டு போக மீதி ஆறு, ஒவ்வொரு தரவுக் கட்டத்துக்கும் ஒதுக்கீட்டு வரைபடத்தில் ஒரு கட்டம் தேவைப்படலாம் என்பதால் பாதியாக்கினால் மூன்று. ஆக ஒரு நேரத்தில் 3,072 பைட். 10,000 பைட்டுக்கு பீரைட் செய்தால் நான்கு துண்டாகப் போகும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் பூட்டு திறந்து மூடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் பெரிதாக எழுதினால் இவருடைய முதல் துண்டும் அவருடைய இரண்டாவது துண்டுமாகக் கலந்து கிடக்கலாம். நடுவில் கரண்ட் போனால் பாதி மட்டும் எழுதியிருக்கும், அதற்கு இந்த முன்பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கலப்பதைத் தடுக்கலாம். இனோட் பூட்டை நான்கு துண்டுக்கும் சேர்த்துப் பிடிக்க முடியாது, முன்னால் சொன்ன வரிசைச் சிக்கல் வந்துவிடும். எழுதுகிறவர்களுக்கு மட்டும் இனோடில் இன்னொரு பூட்டு வைத்து, அதை டிரான்சாக்‌ஷனுக்கும் முன்னாலேயே போட்டு, கடைசித் துண்டு முடிந்த பிறகு விட்டால் சரியாக வரும் என்று அந்தப் பெண் பஸ்ஸில் போகும்போது யோசித்து, பேப்பரில் அம்புக்குறி போட்டு எனக்குப் படம் அனுப்பியிருக்கிறது. எழுதும் வழி, ஃபைலை வெட்டும் வழி, அழிக்கும் வழி மூன்றிலும் அந்த வரிசை நிற்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதும் வழியில் நிற்கிறது. மற்ற இரண்டையும் வரும் ஞாயிறு ஆறரைக்குப் பார்க்கிறோம்.